முத்திரைப் படமும் வண்ணப் பென்சிலும்

இலண்டனில் 1843ஆம் ஆண்டு ஹென்றி கோல் என்பவர் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளை அச்சிடச் செய்தார். ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்த படம் கோடுகளாக அச்சாயிற்று. வண்ணமோ கையால் தீட்டப்பட்டது. கோட்டை அச்சும் வண்ணத்தைக் கையும் தரும் அம்முறையே, இன்று இரப்பர் முத்திரையால் படம் பதித்து அட்டை செய்வோரிடமும் தொடர்கிறது.

பதித்த மை நன்கு உலர்ந்த பின்னரே வண்ணம் தீட்டத் தொடங்குதல் வேண்டும். தாளின் மேற்பரப்பு நுண்ணிய மேடுபள்ளங்களைக் கொண்டது. வண்ணப் பென்சிலில் நிறமியோடு மெழுகோ எண்ணெயோ கலந்திருக்கும். தொடக்கத்திலேயே அழுத்தித் தீட்டினால் அப்பள்ளங்கள் அடைபட்டுவிடும். அதன்மேல் வேறு வண்ணம் எளிதில் பற்றாது. ஆகவே, கூரிய முனையால் மெல்லிய பூச்சுகளாகத் தீட்டுவர். ஒளிபடும் இடத்தை வெண்மையாக விடுத்து, நிழல்படும் இடத்தில் பூச்சுகளை மிகுவிப்பர். சிவப்பு மலரின் நிழலுக்குக் கறுப்பைவிடச் சிறிதளவு பச்சை பொருந்தும். எதிர்நிறமாகிய அது சிவப்பின் பளிச்சிடும் தன்மையைத் தணித்து ஆழம் தரும். இறுதியில் மட்டும் வெளிர்நிறப் பென்சிலால் அழுத்தித் தேய்த்தால், பூச்சுகள் ஒன்றோடொன்று கலந்து மிளிரும்.

ஒரே முத்திரையால் பதித்த மலர்களும் தீட்டுவோரின் பொறுமைக்கேற்ப வேறுபடுகின்றன. அவ்வேறுபாடே கையால் செய்த வாழ்த்து அட்டையின் மதிப்பாகும்.