கேபினெட்டைத் திறக்கும் முன்...

மின் ரம்பத்தில் பிளேடு மாற்றும் தச்சர் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். கம்ப்யூட்டரில் தூசி தட்டும்போதும் இதே விதிதான். விண்டோஸை ஷட்டவுன் செய்த பிறகும் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து மதர்போர்டுக்கு 5 வோல்ட் போய்க்கொண்டுதான் இருக்கும். அப்போது ஒரு ஸ்குரூ தவறி விழுந்தால்கூட போர்டு ஷார்ட் ஆகிவிடலாம்.

எனவே ஷட்டவுன் செய்து, சுவிட்சை அணைத்து, பவர் கார்டைக் கழற்றவும். பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்தினால் போர்டில் மிச்சமுள்ள மின்சாரம் வடிந்துவிடும்.

தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டவும். புளோயர் பயன்படுத்தினால் ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளவும். அதிவேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். தொட்டால் உயிருக்கே ஆபத்து. அதன் வெளித் துளைகளைத் துடைத்தால் போதும்.