கோயிலுக்குள் செல்லும் உரிமை

சிவகாசி விசுவநாதர் கோயிலுக்குள் சென்று வழிபட அனுமதி மறுக்கப்பட்டிருந்த நாடார்கள் உரிமை கேட்டார்கள்; கோயிலே பூட்டப்பட்டது. 1899 ஜூன் 6 அன்று எதிர்ப்பாளர்கள் திரண்டுவந்து ஊரைத் தாக்கினர். உயிர்கள் போயின. இதே உரிமைக்கான கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. வழிபட வந்தவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி அது.

கோயில் மறுக்கப்பட்ட அக்காலத்தில் நாடார்கள் விருதுநகரில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலா பள்ளி, வணிகர்கள் பொதுநிதிக்குத் தந்த மகமையாலும் வீடுதோறும் திரட்டிய பிடி அரிசியாலும் வளர்ந்தது. காமராஜர் படித்த பள்ளி இது.

கோயில் நுழைவு பின்னரே கைகூடியது. 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாதய்யர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்டோர் ஐவரை அழைத்துச் சென்றார். அவர்களோடு சென்ற ஆறாமவர் விருதுநகர் எஸ்.எஸ். சண்முக நாடார். சென்னை மாகாணத்தின் ஆலயப் பிரவேசச் சட்டம் அதே ஆண்டில் வந்தது.