கூதிர்காலத்தில் சைக்கிளைக் காத்தல்

நம் முன்னோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றும், மார்கழி, தையை முன்பனி என்றும் வழங்கினர். இந்நான்கு மாதங்களே நம் நாட்டிற்குரிய குளிர்காலமாகும். தமிழ்நாட்டில் ஓராண்டிற் பெய்யும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைப்பது. பயிருக்கு இது உயிர். சைக்கிளுக்கோ இதுவே கண்டம். சைக்கிள் ஓடுவதனால் தேய்வதைக் காட்டிலும், நனைந்தபடியே நிற்பதனால் கெடுவதுதான் அதிகம் என்பது எமது துணிபு. எந்தச் சைக்கிள் கடையிலும் தை மாதத்தில் கழற்றிப் போட்டிருக்கும் சாமான்களை ஒருமுறை பார்த்தவர் இதனை மறுக்கமாட்டார்.

கூட்டுறவுச் சங்கத்தின் பத்திரிகையில் சைக்கிளைப் பற்றி எழுதுவானேன் எனச் சிலர் வினவக்கூடும். காரணம் எளிது. இரு புறமும் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு விடியுமுன் சங்கத்திற்கு வரும் அங்கத்தினரின் வண்டி வழியில் நின்றுவிட்டால், கொள்முதல் நேரம் தவறிவிடும். அன்றைய பாலும் அன்றைய வருமானமும் போயின. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அம்மாவட்டக் கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தினால் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் எழுத்துடன் சைக்கிளும் பயின்றனர். பின்னர் அரசாங்கம் பள்ளி மாணவ மாணவியருக்கு விலையின்றிச் சைக்கிள் வழங்கும் திட்டத்தை மேற்கொண்டது. இவ்வாறு வீட்டிற்கு வந்த வண்டி, ஒரே கார்த்திகையிற் செயின் இறுகித் திண்ணையோரம் சாய்த்து வைக்கப்படுமாயின், ஐந்து மைலுக்கு அப்பாலுள்ள பள்ளிக்குச் செல்லும் பெண்ணின் படிப்பும் அதனுடன் சாய்கிறது.

முதலில் துருவைப் பற்றி அறிதல் வேண்டும். இரும்பு தனியே துருப்பிடிப்பதில்லை. நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்து தாக்கினாலன்றித் துரு உண்டாகாது. உப்பு சேர்ந்தால் அவ்வேலை விரைவாகும். வேதாரணியம், தூத்துக்குடி போன்ற உப்பளப் பகுதிகளிலுள்ளோருக்கு இது புதிய செய்தியன்று. ஆனால் உள்நாட்டு விவசாயிகள் பலர் காரியரில் உரமூட்டை ஏற்றுவதை மறந்துவிடுகின்றனர். பொட்டாஷ் உரம் உப்பினத்தைச் சேர்ந்தது. சிந்திய உரத்தின் மீது தூறல் விழுந்தால், காரியரும் பின்மட்கார்டும் கடற்கரையில் நின்றாற்போல அரிக்கப்படும். உரம் ஏற்றிய அன்று மாலையே நல்ல தண்ணீரிற் கழுவித் துடைத்துவிடுதல் நலம்.

வண்டியை வைக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. கூரையின் இறவாரத்திலிருந்து சொட்டும் நீர் நேரே ஸீட்டின் மேல் விழுமாறு நிறுத்துவோர் அநேகர். மழைக்கு அஞ்சி, நனைந்த வண்டியின் மேலேயே பிளாஸ்டிக் தாளையோ கோணியையோ இறுகப் போர்த்துவோரும் உளர். இது போர்த்தாமல் விடுவதைவிடக் கெடுதலானது; உள்ளே அடைபட்ட ஈரம் மறுநாள் வரை வெளியேறாது. முதலில் துணியால் துடைத்து, காற்றாட வைத்துப் பின்னரே போர்த்த வேண்டும். பளபளக்கும் ரிம்மையும் ஹாண்டில் பாரையும் சாம்பலாலும் செங்கற்பொடியாலும் தேய்ப்பது நம்மவரின் பழைய வழக்கம். பாத்திரத்திற்கு அது தகும். மேற்பூச்சின் மீது கீறல் விழுந்தால் அக்கீறலின் வழியே நீர் இறங்கும்.

இனிச் செயின். இதுவே குளிர்காலத்தில் முதலிற் பழுதாவது. கையிலகப்பட்ட எண்ணெயை ஊற்றுவது நம் கிராமங்களிற் சாதாரணம். அதிலும் தேங்காயெண்ணெய்க்கே முதலிடம். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செண்டிகிரேடுக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி விடியற்காலையில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் புட்டியில் உறைந்திருப்பதைக் காணும் நாம், அதுவே செயினிலும் உறையுமென்று எண்ணுவதில்லை. இவ்வாசிரியனும் ஒரு மார்கழியில் இத்தவற்றைச் செய்து, இரண்டு மைல் தூரம் வண்டியைத் தள்ளிச் சென்றவனே. மண்ணெண்ணெய் அழுக்கை நீக்குவதற்கு ஏற்றது. ஆனால் உராய்வைத் தடுக்காது. அதனாற் கழுவிய பின் எண்ணெயிடாமல் விடுவது வீண். மோட்டார் வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலில் நுண்ணிய இரும்புத்தூளும் கரியும் இருக்குமாதலால் அது செயினைத் தேய்க்கும். தையல் மிஷின் ஆயில் நல்லதேயெனினும், மெல்லியதாகையால் ஒரு மழைக்கே கழுவப்பட்டுவிடும். எனவே மழை மாதங்களில் புதிய எஞ்சின் ஆயிலே உத்தமம். இரவில், துடைத்த செயினின் ஒவ்வொரு உருளையின் மேலும் ஒரு துளி விட்டு, பெடலைப் பின்புறமாகச் சிலமுறை சுற்றி, காலையில் வெளிப்புறத்திலுள்ளதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேண்டுவது உருளைக்குள்ளேதான்; வெளியே வழிந்திருப்பது மணலைச் சேர்த்துக்கொள்வதற்கே உதவும்.

செயின் இன்னும் உழைக்குமா என்பதை அறிய ஓர் அடிக்கோல் போதும். சைக்கிள் செயினில் ஓர் ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடு வரை அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். செயினை இழுத்துப் பிடித்து அளக்குங்கால் 12 அங்குலத்திற்கு மேல் எட்டிலொரு பங்கு அங்குலம் கூடியிருக்குமாயின் அதனை மாற்றிவிடுக. நீண்ட செயினை மேலும் ஓட்டினால் பிரீவீலின் பற்களும் முன்சக்கரப் பற்களும் அதற்கேற்பத் தேய்ந்து, ஒன்றுக்கு மூன்றாகச் செலவு வரும்.

பிரீவீலுக்கு மட்டும் கிரீஸ் ஆகாது. அதனுள்ளே வில்லினால் உந்தப்படும் சிறு நாக்குகள் பற்களிற் சென்று பதிவதனாலேயே சக்கரம் சுழல்கிறது. கெட்டியான கிரீஸிலோ துருவிலோ அந்நாக்குகள் ஒட்டிக்கொண்டால், பெடல் சும்மா சுற்றும், வண்டி நகராது. அங்கே மெல்லிய ஆயிலே விடற்பாலது. இதற்கு மாறாக, சக்கரங்களின் ஹப்புகளிலும் பெடல் அச்சிலும் கிரீஸ் நிறைந்திருத்தல் அவசியம். நிரம்பி ஓடும் வாய்க்காலில் வண்டியை இறக்கிக் கடந்தால், நீர் அச்சுகளின் உள்ளே புகுந்து கிரீஸை மோர்போல் வெளுக்கச் செய்யும். அதன்பின் பால்ஸ்கள் ஒன்றோடொன்று உராய்ந்து, தாம் ஓடும் கோனையும் கப்பையும் குழி பறித்துவிடும். இயன்றவரை வண்டியைத் தூக்கிக் கடப்பதே சிறந்தது. ஸீட் குழாய் வழியாகவும் மழைநீர் இறங்கிப் பெடல் அச்சிலே தங்கும். ஸீட் கம்பி குழாய்க்குள் நுழையுமிடத்தில் பழைய டியூப் ரப்பரை ஓரங்குல அகலத்திற் சுற்றிக் கட்டினால் காசு செலவின்றி இதனைத் தடுக்கலாம்.

பிரேக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நனைந்த எஃகு ரிம்மின் மேல் ரப்பர்க் கட்டை பிடிக்கும் வலிமை வெகுவாகக் குறைந்துவிடும். உலர்ந்த சாலையில் நிற்குமிடத்தில் வண்டி நில்லாது, பல மடங்கு தூரம் ஓடிய பின்னரே நிற்கும். பால் கேன்களின் பாரமும் சேர்ந்தால் அபாயம் அதிகம். ஆகவே மழையில், நிறுத்த வேண்டிய இடத்திற்கு வெகுமுன்னரே பிரேக்கை இலேசாகப் பிடித்து, ரிம்மிலுள்ள நீரை வழித்துவிட்டுப் பின்னர் அழுத்த வேண்டும். கட்டைகளிற் புதைந்த மணலை ஓர் ஊசியால் அகற்றுக. தேய்ந்த கட்டைக்கு ஆகும் செலவு அற்பமே.

இவற்றுட் பாதியை வீட்டிலே செய்யலாம். மறுபாதிக்குச் சைக்கிள் கடையே கதி. நம் கிராமத்துச் சைக்கிள் கடை வெறுங்கடையன்று. வேப்பமரத்தடியிலே ஒரு கீற்றுக்கொட்டகை, தொங்கும் டயர்கள், பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தட்டு, காலால் மிதித்துக் காற்றடிக்கும் பம்பு, ஒரு தினசரி: இவ்வளவுதான் அதன் உடைமை. விடியற்காலையிற் பால்காரரும் பத்திரிகை போடுபவரும், எட்டரை மணிக்குக் காற்றடிக்க வரிசையில் நிற்கும் பள்ளிப்பிள்ளைகளும், உச்சிவேளையிற் செய்தி பேச வருவோருமாக, அங்கே ஊர் முழுவதும் ஒருமுறை வந்துபோகும். முன்னாளில் மணிக்கணக்கில் வாடகைக்கு வண்டி விட்டதும், குரங்குப் பெடல் போட்டுச் சிறுவர் பழகியதும் இக்கடைகளிலேதான். வண்டியை முற்றிலும் கழற்றிக் கழுவிப் பூட்டுவதை ஆங்கிலச் சொல்லின் திரிபாக ‘ஓவராயில்’ என்கின்றனர். ஆயில் மிகுதியாகப் போடுவது என்றே பலர் பொருள் கொண்டுள்ளனர். அதுவும் முற்றும் பிழையன்று.

மழைக்காலத்திற் கடைக்காரருக்கு வேலை மிகுதி, வரவு குறைவு. ஈரமான ரப்பரில் முள்ளும் கண்ணாடியும் எளிதில் இறங்குமாதலின், சீமைக்கருவேல முள் நிறைந்த பாதைகளிலே பஞ்சர் பெருகும். ஒட்டுப்போடுவதோ அப்போது கடினம். டியூப் நன்றாய் உலர்ந்து, தேய்த்து, ஸொல்யூஷன் தடவி, அதன் ஈரப்பளபளப்பு நீங்கிய பின்னரே ஒட்டை அழுத்த வேண்டும். ஈரக்காற்றில் இதற்கு நேரம் அதிகமாகும். நம்மவர் அருகில் நின்று அவசரப்படுத்தி, பிறகு ஒட்டு விட்டுப்போயிற்றென்று அவரையே நோகின்றனர். கூலியும் நோட்டிலே கடனாக ஏறி, அறுவடை வரை நிற்கும். அக்கடன் தீராது கடை மூடப்பட்டால், ஒரு பஞ்சருக்காக அங்கத்தினர் அடுத்த டவுன் வரை வண்டியைத் தள்ள நேரிடும்.

இங்கேதான் சங்கம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் குறித்து, கடைக்காரரைச் சங்கக் கட்டிடத்திற்கு அழைத்து, அங்கத்தினர் வண்டிகளை எல்லாம் ஒரு நிர்ணயக் கூலிக்குப் பார்க்கச் செய்யலாம். கிரீஸ், பால்ஸ், பிரேக் கட்டை ஆகியவற்றைச் சங்கம் மொத்தமாக வாங்கிக் கொடுத்தால் விலை குறையும். முன் ஹப்பிற்குப் பதினாறில் மூன்று பங்கு அங்குலப் பால்ஸும், பின் ஹப்பிற்குக் கால் அங்குலப் பால்ஸும் கேட்டு வாங்குதல் வேண்டும், இரண்டையும் கலத்தலாகாது. கூலியை அன்றே கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு, அங்கத்தினரின் பால் பணத்தில் இரண்டு மூன்று தவணைகளாகப் பிடித்துக்கொள்ளலாம். அன்று முதலிற் பார்க்கப்பட வேண்டியவை பால் கொண்டுவருவோரின் வண்டிகளும், தொலைவிலிருந்து பள்ளிக்குச் செல்லும் பெண்களின் வண்டிகளும். சங்கத் தலைவரின் வண்டி கடைசியிற் பார்க்கப்படலாம்.