கோலார் தங்கவயல்: ஒரு தொழில் நகரின் வளர்ச்சியும் வீழ்ச்சியும்

கோலார் தங்கவயல் கர்நாடக மாநிலத்தின் கோலார் மாவட்டத்தில், பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் அமைந்துள்ள நகரமாகும். ஒரே தொழிலை நம்பி வளர்ந்து, அத்தொழில் நின்றதும் நலிந்த நகரங்களுக்கு இந்தியாவில் இது தெளிவான எடுத்துக்காட்டு. தொழில் அழிந்த நகரங்கள் பல வெறிச்சோடிப் போவதுண்டு. தங்கவயலிலோ மக்கள் பெரும்பாலும் தங்கிவிட்டனர். வேலை மட்டுமே வெளியேறியது.

தோற்றமும் வளர்ச்சியும்

இப்பகுதியில் பழங்காலத்திலேயே தங்கம் எடுக்கப்பட்டது. 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் இங்கிலாந்து நிறுவனம் பொறுப்பேற்ற பின்னரே ஆழ்சுரங்கத் தொழில் வேரூன்றியது. 1894-இல் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை இருப்புப்பாதை போடப்பட்டது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 150 கி.மீ. தூரம் மின்சாரம் கொண்டுவரப்பட்டது. இந்தியாவின் பெரிய நகரங்கள் பலவற்றிலும் அப்போது மின்சாரம் கிடையாது.

1891-இல் சுமார் 7,000 ஆக இருந்த மக்கள்தொகை 1901-இல் 38,000-ஐத் தாண்டியது. வந்தவர்களில் பெரும்பான்மையினர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களைச் சேர்ந்த தமிழர்கள்; அவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பஞ்சத்திலிருந்தும் பண்ணையடிமை முறையிலிருந்தும் தப்பிக்க, சுரங்கக் கூலி ஒரு வழியாக அமைந்தது. ஆங்கிலேய அதிகாரிகள் தோட்டம் சூழ்ந்த பங்களாக்களிலும், தொழிலாளர்கள் மூங்கில் தட்டிகளால் ஆன நெருக்கமான லைன் வீடுகளிலும் வாழ்ந்தனர்.

நிறுவனமே நகரம்

வீடு, குடிநீர், மின்சாரம், மருத்துவமனை, பள்ளி என நகரின் தேவைகளில் பெரும்பகுதியைச் சுரங்க நிறுவனமே கவனித்தது. கடைவீதியின் வியாபாரமும் சுரங்கச் சம்பளத்தை நம்பியே நடந்தது. வேறு தொழில்கள் வேரூன்றுவதற்கான தேவை எழவில்லை. விதிவிலக்காக, 1964-இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான பெமல், மண் அள்ளும் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையை இங்கு அமைத்தது. ஆனால் சுரங்கம் தந்த வேலைவாய்ப்பு முழுவதையும் ஒரு தொழிற்சாலையால் ஈடுகட்ட முடியாது.

வீழ்ச்சிக்கான காரணங்கள்

வீழ்ச்சி ஒரே நாளில் நேர்ந்ததன்று. தொடக்கத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கும் கூடுதலாகக் கிடைத்த தங்கம், பிற்காலத்தில் சில கிராமாகக் குறைந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.-க்கும் கூடுதலான ஆழத்தை எட்டியது. ஆழம் கூடக்கூட வெப்பமும், பாறை வெடிப்பு விபத்துகளும், காற்றோட்டம், நீரிறைப்பு ஆகியவற்றுக்கான செலவும் கூடின. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. பின்னர் அவை மத்திய அரசிடம் சென்று, பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாயின. உரிமையாளர் மாறியபோதிலும் கனிமத்தின் வளம் மாறவில்லை. நட்டம் பெருகி, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்கு மேல் இங்கு எடுக்கப்பட்ட தங்கம் ஏறத்தாழ 800 டன் ஆகும்.

மூடலுக்குப் பின்

2011 கணக்கெடுப்பிலும் நகரில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். இதற்குக் காரணம், சுரங்கத்திற்காகப் போடப்பட்ட அதே இருப்புப்பாதையாகும். தகவல் தொழில்நுட்பத்தால் பெருத்த பெங்களூருக்குப் பாதுகாவலர், கட்டுமானத் தொழிலாளர், கடை ஊழியர், அலுவலகப் பணியாளர் எனப் பலரும் தேவைப்பட்டனர். விடியற்காலை ரயிலில் சென்று இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கானோரால் தங்கவயல் ஓர் உறங்கும் நகரமாகியது. வாடகை மிகுந்த பெங்களூரில் குடியேறுவதைவிட, நாள்தோறும் சில மணி நேரத்தைப் பயணத்தில் கழிப்பது அவர்களுக்குக் கட்டுப்படியானது.

சுரங்கம் விட்டுச்சென்ற சுமைகளும் உள்ளன. தங்கம் பிரித்தபின் கொட்டப்பட்ட சயனைடு கலந்த கழிவு மண் குன்றுகளாக நிற்கிறது; காற்றுக் காலத்தில் அதன் தூசி குடியிருப்புகளில் படிகிறது. பாறைத் தூசியால் வரும் நுரையீரல் நோய் முன்னாள் தொழிலாளர் பலரை வாட்டியது. தலைமுறைகளாக வாழ்ந்த லைன் வீடுகளுக்கு உரிமை வேண்டும் என்பது அவர்களின் நீண்டகாலக் கோரிக்கை.

மக்கள்தொகையை மட்டும் கொண்டு ஒரு நகரின் நலனை அளவிட முடியாது என்பதைத் தங்கவயல் காட்டுகிறது. அங்கு வாழ்வோர் எங்கே சம்பாதிக்கிறார்கள், அதற்காக எவ்வளவு தூரம் செல்கிறார்கள் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.