கன்று போடும் இரவு: விருத்தாசலத்தில் அன்றும் இன்றும்

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான்தான் நினைவுக்கு வரும். செராமிக் தொழிற்பேட்டையில் வார்த்துச் சுட்டெடுக்கும் அகல்விளக்கும் பொம்மையும் பியூஸ் கேரியரும் எங்கெங்கோ போகின்றன. அந்தப் பட்டறைகளுக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வருகிறவர்களின் வீடுகளில் ஒரு கறவை மாடோ நாலைந்து ஆடுகளோ நிற்கும். வாரக் கூலி அரிசிக்கும் மளிகைக்கும் சரியாகப் போய்விடும். பிள்ளையின் படிப்புக்கும் திடீர் மருத்துவச் செலவுக்கும் கைகொடுப்பது கொட்டாயில் நிற்கும் ஜீவன். அதனால் ஒரு பசு நல்லபடியாகக் கன்று போட்டு எழுந்து நிற்பது அந்த வீட்டின் ஒரு வருட நிம்மதி. அந்தப் பிரசவம் இரண்டு தலைமுறைக்குள் அடியோடு மாறியிருக்கிறது.

அன்று ஊருக்கு ஒரு பொலிகாளை இருந்தது. பருவத்துக்கு வந்து கத்தும் மாட்டை அதனிடம் ஓட்டிப்போவார்கள். நாள் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை, திருவிழாவே கணக்கு. மாசி மகத்தில் சேர்ந்த மாடு கார்த்திகையில் கன்று போடும் என்பார்கள். பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள் என்பதோடு வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு பிசகவில்லை. எருமை என்றால் இன்னொரு மாதம் கூட்டிச் சொல்வார்கள். அதற்குச் சினைக்காலம் 310 நாளை ஒட்டி வரும்.

நாள் நெருங்கியதும் வீட்டு ஆயாவின் கட்டில் கொட்டாய்ப் பக்கம் நகர்ந்துவிடும். மடி இறங்கிக் காம்பு திரண்டிருக்கிறதா, வால் மட்டைக்கு இருபுறமும் தசை தளர்ந்து குழி விழுந்திருக்கிறதா, கண்ணாடிபோல் கோழை தொங்குகிறதா என்று ராத்திரியெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். மாடு நிலைகொள்ளாமல் படுத்துப் படுத்து எழுந்தால் நோவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். “சும்மா சுத்தி நின்னு வேடிக்கை பாக்காதீங்க, அது மிரளும்” என்று பிள்ளைகளை விரட்டிவிட்டு, தான் மட்டும் தள்ளி உட்கார்ந்திருப்பார். பனிக்குடம் தெரியும்; பிறகு இரண்டு முன்னங்கால்கள், அவற்றின்மேல் தலை வைத்தாற்போல் மூக்கு. நாட்டு மாடு, கன்றும் சிறியது. பெரும்பாலும் யார் கையும் படாமலே கன்று வைக்கோல்மேல் விழுந்துவிடும்.

விழுந்த கன்றின் மூக்கிலும் வாயிலும் இருக்கும் கோழையை வழித்து எடுத்து, தாய் நக்கும்படி முன்னால் போடுவார்கள். தாய் நக்கினால் கன்றுக்கு உடம்பும் காயும், மூச்சும் சீராகும், ரத்த ஓட்டமும் கூடும். இளங்குளம்பைக் கிள்ளிவிடுவார்கள். நஞ்சுக்கொடி விழ மூங்கில் இலை கொடுப்பார்கள். விழுந்ததும் அதை மாடு தின்றுவிடாமல் எடுத்து, வைக்கோலில் பொதிந்து, பால் வடியும் ஆலமரத்தின் கிளையில் கட்டுவார்கள். பால் பெருகும் என்பது நம்பிக்கை. நாயும் காக்கையும் இழுத்துத் தெருவெல்லாம் போடாமல் இருந்ததும் ஒரு நன்மையே. சீம்பாலை வெல்லமும் ஏலமும் சேர்த்து அவித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புவார்கள்.

இந்த அக்கறையோடு சில கேடுகளும் சேர்ந்தே இருந்தன. கொப்பூழ்க் கொடியை அறுத்தது புல் அறுத்த அதே அரிவாள். அந்த வெட்டின் வழியே கிருமி ஏறி, கொப்பூழ் வீங்கிக் கன்றுகள் செத்தன. அதைவிடப் பெரிய கேடு, நஞ்சுக்கொடி விழும்வரை கன்றுக்குப் பால் காட்டக்கூடாது என்ற வழக்கம். மாட்டின் கருப்பையில் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கன்றுக்குப் போய்ச் சேருவதில்லை. அது முழுக்கச் சீம்பாலில்தான் வருகிறது. அதைக் குடலிலிருந்து அப்படியே ரத்தத்துக்கு ஏற்றிக்கொள்ளும் திறனும் பிறந்த முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக இருக்கும். ஒரு நாள் கழிந்தால் அற்றுப்போகும். கன்று காம்பைச் சப்பும்போது தாயின் உடலில் ஆக்சிடோசின் சுரந்து கருப்பை சுருங்கும். நஞ்சுக்கொடி கழல அதுவே உதவி. கொடி விழட்டும் என்று கன்றைக் கட்டிவைத்தவர்கள், கொடி விழுவதற்கான வழியையும் சேர்த்தே அடைத்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இன்றும் சில வீடுகளில் அந்த வழக்கம் இருப்பதால் எழுதுகிறேன்.

பிறகு சினை ஊசி வந்தது. மைனஸ் 196 டிகிரி குளிரில், திரவ நைட்ரஜனில் உறைந்திருக்கும் விந்துக் குச்சி பொலிகாளையின் இடத்தைப் பிடித்தது. தமிழகச் சமவெளிக்கு ஜெர்சி கலப்பு என்று அரசு வகுத்த கொள்கைப்படி கொட்டாய்களின் நிறமே மாறியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லாக் கறவை மாடு, ஆடு வழங்கும் திட்டம் நிலமில்லாத பெண்களின் கைக்கும் கால்நடையைக் கொண்டு சேர்த்தது. இன்று மாட்டின் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் தோடு தொங்குகிறது. ஊசி போட்ட தேதியைக் குறித்து வைத்தால் கன்று போடும் நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் மாடு மாறியபோது பிரசவமும் மாறிவிட்டது. கலப்பினக் கன்று நாட்டுக் கன்றைவிட எடை கூடியது. தலையீத்துக் கிடாரிகள் திணறுகின்றன. ஆயாவின் காலத்தில் ‘தானாப் போடும், விடு’ என்றது சரி. இன்று பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் முன்னேற்றம் இல்லையென்றால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். வெளியே தெரியும் குளம்பைப் பாருங்கள். அதன் அடிப்பாகம் தரையை நோக்கியிருந்தால் பெரும்பாலும் முன்னங்கால். வானத்தை நோக்கியிருந்தால் கன்று பின்புறமாக வருகிறது என்று சந்தேகிக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தால் கன்றும் போகும், கருப்பையும் கிழியும்.

பால் கூடியதற்கும் விலை உண்டு. கன்றுக்குப் போதுமான இரண்டு லிட்டர் கறந்த மாட்டில் பால் சுரம் அரிது. பத்து, பன்னிரண்டு லிட்டர் கறக்கும் மாடு, அதிலும் மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்டது, கன்று போட்ட மூன்று நாளுக்குள் காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்துவிடும். ரத்தத்துக் கால்சியம் அளவுக்கு மீறி மடிக்குள் போனதன் விளைவு இது. அந்த நேரத்தில் மூங்கில் கொட்டத்தால் கஷாயம் புகட்டினால் விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவர் நரம்பில் மெல்ல ஏற்றும் கால்சியத்தால் சிறிது நேரத்திலேயே மாடு எழுந்து நிற்பதைக் கண்டவர்கள் அதை மறக்கமாட்டார்கள். கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்துவதும் இதுபோல் முக்கியம். சங்கத்துப் பால் காசுக்காக எட்டாம் மாதம் வரை கறப்பவர்கள், அடுத்த ஈற்றின் பாலை முன்கூட்டியே இழக்கிறார்கள்.

இன்னொரு மாற்றம் மனத்தை வருத்துகிறது. மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையை ஏர் பூட்டி உழுத நாளில் காளைக் கன்று பிறந்தால் கொண்டாட்டம். டிராக்டர் வந்தபின் அது வேண்டாத பிள்ளை. பல இடங்களில் சில வாரங்களிலேயே கைமாறிவிடுகிறது. பெரும்பாலும் கிடாரியே பிறக்கும்படி பாலினம் பிரித்த விந்துக் குச்சி இப்போது வந்திருக்கிறது. பிறந்த பிறகு பட்டினி போடுவதைவிட இது எவ்வளவோ மேல். அது பரவலாகும்வரை பிறக்கும் காளைக் கன்றுக்கும் சீம்பால் கொடுப்பது நம் கடமை.

ஆட்டுக்கும் இதே கதைதான், காலம் மட்டும் சுருங்கியது. ஐந்து மாதத்தில் குட்டி போடும். இரட்டைக் குட்டி சகஜம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தோடு கிடக்கும் குட்டிக்குக் குளிரே எமன். துடைத்துக் கதகதப்பாக்கி உடனே சீம்பால் ஊட்டினால் பிழைக்கும். இரட்டை சுமக்கும் ஆட்டுக்குக் கடைசி மாதத்தில் தழை மட்டும் போதாது. கொஞ்சம் தானியமும் பிண்ணாக்கும் கிடைக்காவிட்டால் தாயே சோர்ந்து விழுந்துவிடும்.

பழையது முழுக்கத் தள்ளத்தக்கதும் இல்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மரபு வைத்திய முறைகளைத் திரட்டி ஒழுங்குபடுத்தினார். கன்று போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முழு முள்ளங்கி, எட்டு மணி நேரமாகியும் கொடி விழாவிட்டால் ஒன்றரைக் கிலோ வெண்டைக்காயை வெல்லமும் உப்பும் சேர்த்துக் கொடுப்பது என்ற அவருடைய முறை இன்று பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. ஒரு நாள் கடந்தும் தங்கினால் மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும். கையால் பிடித்து இழுக்கவே கூடாது. கருச்சிதைவான மாட்டின் கொடியை வெறுங்கையால் தொடுபவருக்குப் புருசெல்லா நோய் தொற்றலாம். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் ஆளையே முடக்கும். கையுறை போடுங்கள், கொடியைச் சுண்ணாம்பு தூவி ஆழப் புதையுங்கள். நான்கு முதல் எட்டு மாதக் கிடாரிக் கன்றுகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசி ஒரே முறை போட்டால் போதும்.

இத்தனை வசதி வந்தும் குறைந்துபோனது காவல் இருக்கும் கண். கட்டிலைக் கொட்டாய்க்கு நகர்த்திய ஆயாக்கள் இல்லை. வீட்டுப் பெண்கள் பட்டறைக்கோ நூறு நாள் வேலைக்கோ போயிருக்கும் பகலில் மாடு தனியே நோவு காண்கிறது. 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை ஊர்தி வரும். ஆனால் அழைக்க வேண்டிய நேரம் இது என்று தெரிந்த ஒருவர் அங்கே நிற்க வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் அரசு கால்நடை மருத்துவமனையும் உள்ளன. மகளிர் குழுக்களில் ஊருக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, கையுறை, டிஞ்சர் அயோடின், புது பிளேடு, சுத்தமான நூல் கொண்ட ஒரு பையும் சில நாள் பயிற்சியும் கொடுக்கலாம். கொப்பூழ்க் கொடியை உடம்பிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுக் கட்டி அறுத்து அயோடினில் தோய்ப்பது, முதல் மணி நேரத்துக்குள் சீம்பால், கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு, பனிக்குடம் உடைந்தபின் ஒரு மணி நேரம் பார்த்து, முன்னேற்றம் இல்லையென்றால் மருத்துவரை அழைப்பது: கற்க வேண்டியது இவ்வளவுதான். ஆயாவின் பொறுமையும் மருத்துவரின் ஊசியும் ஒரே கொட்டாயில் சேர்ந்தால், தடுக்கக்கூடிய சாவுகளில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். இந்தப் பையையும் பயிற்சியையும் ஊராட்சிகள் கேட்டுப் பெற வேண்டும்.