மார்பகப் புற்றுநோய்: அந்த ஒரு தாளைத் தவறவிடாதீர்கள்

மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் குடும்பத்தார் ஸ்கேன் படங்களைக் கொண்டுவருகிறார்கள். சதைப் பரிசோதனையின் ஐ.ஹெச்.சி. அறிக்கையைப் பலர் வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். எந்த மருந்து பலிக்கும் என்பதைச் சொல்வது அந்தத் தாள்தான்.

கட்டியின் செல்களில் மூன்று புரதங்கள் இருக்கின்றனவா என்று அதில் பார்க்கிறார்கள். ஈ.ஆர்., பி.ஆர். 'பாசிட்டிவ்' என்றால் ஹார்மோன் தடுப்பு மாத்திரை பலன் தரும். அதைக் குறைந்தது 5 ஆண்டுகள் சாப்பிட வேண்டும். உடம்பு தேறிவிட்டதென்று நிறுத்தக்கூடாது. ஹெர்2 '3+' என்றால் வேகமாக வளரும் வகை. ஆனால் அதற்கென்றே டிராஸ்டுசுமாப் மருந்து 1998 முதல் இருக்கிறது. '2+' என்றால் ஃபிஷ் பரிசோதனையும் செய்ய வேண்டும். மூன்றும் 'நெகட்டிவ்' என்றால் பெரும்பாலும் கீமோதெரபிதான்.

விண்ணப்பத்தோடு அந்த அறிக்கையின் நகலையும் கொண்டுவாருங்கள். நோயுற்ற சகோதரிகளுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவை அளிப்பானாக.