பித்தப்பை நோவும் அதன் குறிகளும்

கல்லீரலின் கீழ்ப்புறத்தே பேரிக்காய் வடிவில் ஒட்டிக் கிடப்பது பித்தப்பை. கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் இப்பையுள் தங்கிச் செறிவுறும். நெய்ப்பொருள் மிக்க உணவு குடலை அடைந்ததும், பை சுருங்கி அந்நீரைச் சிறுகுடலுக்கு அனுப்பும். கொழுப்பு செரித்தற்கு அது துணை. பித்தநீரில் கரைந்துள்ள கொழுப்புப் பொருள் அளவின் மிகுமாயின், படிந்து இறுகிக் கல்லாதலும் உண்டு. பலரிடத்து அக்கல் யாதொரு துன்பமும் செய்யாது கிடக்கும்.

பை சுருங்கும் வேளையில் கல் அதன் குழாயை அடைக்குமாயின் நோவு தோன்றும். ஆதலின், விருந்துண்ட சில மணி நேரத்தில், பெரும்பாலும் இரவில், அது தலைகாட்டும். வலப்பக்க விலாவின் கீழோ மேல்வயிற்றின் நடுவிலோ தொடங்கி, வலத்தோளுக்கும் முதுகிற்கும் பரவும். குமட்டலும் வாந்தியும் வியர்வையும் உடன்வரும். அரைமணி நேரம் முதல் சில மணி நேரம் வரை நீடித்துப் பின் தானே தணியும்.

இதனை வாயுக் குத்து என்று கருதி, ஓமநீர் பருகி அமைவார் பலர். வாயுவால் வரும் வலி ஏப்பம் விட்டால் குறையும். புரண்டு படுத்தால் இடம் மாறும். பித்தப்பை நோவோ இவற்றால் தணியாது. ஒருமுறை தணிந்தாலும் மீண்டும் வரும் இயல்பினது. ஆதலின் நோவு நின்ற பின்னரும் மருத்துவரைக் காண்டல் வேண்டும்; ஒலியலைக் கருவியால் அவர் கல்லைக் கண்டறிவர்.

வலி ஐந்து மணி நேரத்திற்கு மேல் நீடித்தாலும், காய்ச்சலும் குளிர்நடுக்கமும் கூடினாலும், கண் மஞ்சளித்துச் சிறுநீர் கருத்தாலும் ஒரு கணமும் தாழ்த்தலாகாது. உடனே மருத்துவமனை சேர்தல் வேண்டும். நெஞ்சை அழுத்தும் வலியும் மூச்சுத் திணறலும் மாரடைப்பின் குறிகளாகலாம். அது வயிற்று வலி போலவும் தோன்றுமாதலின், இன்ன நோய் என வீட்டிலிருந்தே துணிதல் தீது.

1882-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள், பெர்லின் நகரில் கார்ல் லாங்கன்புக் என்னும் அறுவை மருத்துவர், 43 வயதினர் ஒருவரின் பித்தப்பையை முதன்முதலாக அகற்றினார். பதினாறு ஆண்டுகள் நோவால் வருந்திய அவர் நலம் பெற்று வீடு திரும்பினார். பை நீங்கினும் பித்தநீர் கல்லீரலிலிருந்து நேரே குடலை அடையும், செரிமானம் நடைபெறும். இன்றோ சிறு துளைகளின் வழியே அவ்வறுவை முடிந்துவிடுகிறது. தீர்க்கும் வழி எளிதாயிற்று. குறியறிந்து காலத்தே செல்லுதலே நோயுற்றார்க்கும் உடனிருப்பார்க்கும் கடனாகும்.